மின்கோட்டுப் பாதுகாப்பை வடிவமைக்க வல்லுநர் அமைப்பு உதவுமா?

நீங்கள் மின்பொறியியலில் முதுகலை படிக்கிறீர்கள். உயரழுத்த மின்கோடுகளின் பாதுகாப்பை வடிவமைக்கும் வல்லுநர் அமைப்பு (துறை வல்லுநர்களின் விதிகளைக் கொண்டு முடிவெடுக்கும் கணினி நிரல்) ஒன்றை ஆய்வுத் திட்டமாகச் செய்ய விரும்புகிறீர்கள். உங்கள் வழிகாட்டியோ, அது 1980-களோடு முடிந்துபோன துறை, இயந்திரக் கற்றலில் ஏதாவது செய்யுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி, வல்லுநர் அமைப்பையே எடுத்தால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வல்லுநர் அமைப்பையே எடுங்கள். பழுதை உணர்ந்து கோட்டைத் துண்டிக்கச் சொல்லும் கருவிதான் ரிலே; அது எந்த எல்லையில், எவ்வளவு நேரத்தில் இயங்க வேண்டும் என்ற எண்கள்தான் செட்டிங். ரிலே செட்டிங் போடுவது கடினமான கணக்கு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு கோட்டுக்கான கணக்கைக் கால்குலேட்டரும் தாளும் இருந்தால் போட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு செட்டிங்குக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் எங்கும் எழுதப்படாமல் போய்விட, எண் மட்டும் ரிலேயில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. காரணம் காலாவதியான பிறகும் எண் வேலை செய்துகொண்டே இருக்கும். உலகின் மிகப் பெரிய மின்தடைகள் சிலவற்றில் இதைத்தான் பார்க்கிறோம். எண்ணையும் அதன் காரணத்தையும் பிரிக்காமல் வைத்திருக்க, விதிகளால் கட்டிய அமைப்பைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இதை ஒரு கோட்டை வைத்தே காட்டுகிறேன். கணக்குக்காக நான் அமைத்துக்கொண்ட கோடுதான், ஆனால் எண்கள் நடைமுறையில் வரக்கூடியவை. கிழக்கு, மேற்கு என்று இரண்டு துணைமின் நிலையங்கள். நடுவே 400 கிலோவோல்ட் கோடு, நீளம் 180 கிலோமீட்டர், இரட்டை மூஸ் கடத்தி (ஒவ்வொரு ஃபேஸுக்கும் மூஸ் என்ற வகைக் கம்பி இரண்டு). இந்தக் கடத்தி அமைப்பின் பாசிட்டிவ் சீக்வென்ஸ் இம்பீடன்ஸ் (மூன்று ஃபேஸும் சமமாக இயங்கும்போது மின்னோட்டத்துக்குக் கோடு காட்டும் மொத்த எதிர்ப்பு) கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.333 ஓம், கோணம் 85 பாகை. ஆகவே முழுக் கோடு 60 ஓம். மின்னோட்டத்தை ரிலேவுக்கேற்பக் குறைத்துத் தரும் சி.டி. 1000/1, மின்னழுத்தத்தை அப்படிக் குறைத்துத் தரும் பி.டி. 400 கிலோவோல்ட்/110 வோல்ட் என்றால் ரிலேயின் பக்கம் இது 16.5 ஓமாகத் தெரியும். கீழே எல்லாவற்றையும் கோட்டுப்பக்க ஓமிலேயே சொல்கிறேன்.

கிழக்கு முனையில் உள்ள டிஸ்டன்ஸ் ரிலே, அங்குள்ள மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்கிறது. வரும் இம்பீடன்ஸ் சிறியதென்றால் பழுது அருகில், பெரியதென்றால் தொலைவில். ரிலே கண்காணிக்கும் தொலைவை ஜோன்கள் என்று பிரிப்பார்கள். ஜோன் 1 கோட்டின் 80 சதவீதம் வரை, அதாவது 48 ஓம். அதற்குள் பழுது விழுந்தால் காத்திருக்காமல், கோட்டைத் துண்டிக்கும் சுவிட்சான பிரேக்கரைத் திறக்கும். ஏன் 100 சதவீதம் வைக்கவில்லை? சி.டி., பி.டி., கோட்டின் அளவுருக்கள், ரிலே எல்லாவற்றிலும் சிறு பிழைகள் உண்டு. காலதாமதமே இல்லாத ஜோன் மேற்கு நிலையத்தைத் தாண்டி எட்டிவிட்டால், வேறொரு கோட்டின் பழுதுக்கு நம் கோடு திறந்துவிடும். மிச்சமுள்ள 20 சதவீதத்தை ஜோன் 2 சிறிது தாமதத்துடன் பார்த்துக்கொள்கிறது. அது எல்லாப் பிழைகளையும் மீறி மறுமுனையை நிச்சயம் எட்ட வேண்டும் என்பதால் குறைந்தது 120 சதவீதம், அதாவது 72 ஓம்.

இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. மேற்கு நிலையத்திலிருந்து மேலும் இரண்டு கோடுகள் புறப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று குட்டைக் கோடு, 40 கிலோமீட்டர், 13.3 ஓம். மற்றொன்று 300 கிலோமீட்டர், 100 ஓம்.

நம் ஜோன் 2 மேற்கு நிலையத்தைத் தாண்டி 12 ஓம் வரை எட்டுகிறது. குட்டைக் கோட்டின் சொந்த ஜோன் 1 அதன் 80 சதவீதத்தில், 10.7 ஓமில் முடிந்துவிடும். அந்த 10.7-க்கும் 12-க்கும் இடையே ஒரு பழுது விழுந்தால் குட்டைக் கோட்டின் ஜோன் 2-ம் நம் ஜோன் 2-ம் ஒரே நேரத்தில் எண்ணத் தொடங்கும். இரண்டுக்கும் ஒரே தாமதம் என்றால் ஒரு பழுதுக்கு இரண்டு கோடுகள் போகும். நம் கோடு இரட்டைச் சுற்றுக் கோடாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இணைச் சுற்றின் பரிமாற்று மின்தூண்டல், புவிப் பழுதின்போது ரிலேயின் பார்வையைச் சுருக்கும். அதை ஈடுகட்ட ஜோன் 2-ஐ 150 சதவீதம் வைக்கச் சொல்வது இந்திய நடைமுறை. அப்போது எல்லை 90 ஓம். மேற்கு நிலையத்தைத் தாண்டி 30 ஓம். குட்டைக் கோடு முழுவதையும் விழுங்கி, அதற்கடுத்த நிலையத்தையும் கடந்துவிடும்.

தீர்வு என்ன? நம் ஜோன் 2-இன் தாமதத்தை 0.6 நொடியாகக் கூட்டலாம். அல்லது குட்டைக் கோட்டில் இரு முனைகளின் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் லைன் டிஃபரென்ஷியல் பாதுகாப்பு இருக்கிறது, அதன் முழு நீளமும் உடனடியாகத் துண்டிக்கப்படும், எனவே கவலை வேண்டாம் என்றும் விடலாம். ஆனால் அந்த டிஃபரென்ஷியலுக்குத் தேவையான ஒளியிழைத் தொடர்பு அறுந்த நாளில்?

இன்னொரு திருப்பமும் உண்டு. மேற்கு நிலையத்துக்கு வேறு மின்நிலையங்களிலிருந்தும் மின்னோட்டம் வந்து சேரும். நம் கோடு தருவதைப்போல் மூன்று மடங்கை மற்றவை தருகின்றன என்றால், மேற்கிலிருந்து 10 ஓம் தள்ளியுள்ள பழுது நம் ரிலேவுக்கு 70 ஓமில் தெரியாது. 60 உடன் நான்கு பத்து சேர்ந்து 100 ஓமில் தெரியும். ஜோன் 2 அதைப் பார்க்கவே பார்க்காது. அப்படியானால் மேலே சொன்ன மோதலே இல்லையே என்று தோன்றும். பராமரிப்புக்காக அந்த மின்நிலையங்கள் நிறுத்தப்பட்ட நாளில் மோதல் திரும்பிவிடும். அதனால்தான் அனுபவமுள்ள பொறியாளர், எல்லை மீறுகிறதா என்று பார்க்கும்போது மிகக் குறைந்த உள்வரவையும், எல்லை போதுமா என்று பார்க்கும்போது மிக அதிகமான உள்வரவையும் எடுத்துக்கொள்கிறார். ஒரே கோட்டுக்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நிலைமைகள். சாதாரணக் கணக்கீட்டு நிரலுக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டும்.

உங்கள் ஆய்வின் மையம் ஜோன் 3-இல் இருக்கிறது என்பேன். மேற்கு நிலையத்தின் பாதுகாப்பு முழுவதும் செயலிழந்தாலும் அங்கிருந்து புறப்படும் கோடுகளின் பழுதை நம் ரிலே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். வழக்கமான விதி: நம் கோட்டையும் அடுத்த நீளமான கோட்டையும் கூட்டி, அதில் 120 சதவீதம். அறுபதும் நூறும் நூற்றறுபது, அதில் 120 சதவீதம் 192 ஓம்.

இப்போது மின்பளுவைப் பாருங்கள். ரிலேவுக்குப் பளுவும் ஓர் இம்பீடன்ஸாகத்தான் தெரியும். கோட்டின் வெப்ப வரம்பு 1200 ஆம்பியர் என்று கொள்வோம். நெருக்கடியில் அதுபோல் ஒன்றரை மடங்கு, 1800 ஆம்பியர் ஓடலாம். அந்த நேரத்தில் மின்னழுத்தமும் 85 சதவீதத்துக்கு இறங்கியிருக்கலாம். அப்படியென்றால் ரிலே காணும் பளு 109 ஓம், கோணம் 30 பாகை. மோ வகை ரிலேயின் எல்லையை இம்பீடன்ஸ் வரைபடத்தில் வரைந்தால் ஒரு வட்டம் வரும். அந்த வட்டம் 85 பாகையில் 192 ஓம் எட்டினால், 30 பாகையில் 110 ஓம் எட்டும். பளு வட்டத்துக்குள் விழுந்துவிட்டது. கோட்டில் எந்தப் பழுதும் இல்லை. கட்டமைப்புக்கு அந்தக் கோடு மிகவும் தேவைப்படும் நேரத்தில் ரிலே அதைத் துண்டித்துவிடும்.

அடுத்த கோட்டின் கடைசிவரை பார்க்க வேண்டும் என்பது சரியான விதி. பளுவுக்கு ஒருபோதும் துண்டிக்கக் கூடாது என்பதும் சரியான விதி. இந்தக் கோட்டில் இரண்டும் சேர்ந்து நிற்க முடியாது. வடிவமைப்பு என்று நான் சொல்வது இந்த இடத்தில் எடுக்கும் முடிவைத்தான்.

இது தாளில் மட்டும் வரும் சிக்கல் அன்று. 1965 நவம்பர் 9 மாலை, நயாகரா அருகே கனடாவின் சர் ஆடம் பெக் மின்நிலையத்திலிருந்து டொரொண்டோ பக்கம் செல்லும் ஒரு கோட்டை அதன் துணைப் பாதுகாப்பு ரிலே துண்டித்தது. பழுது எதுவும் இல்லை. முந்தைய பளு நிலைமைக்கு ஏற்ப வைத்த செட்டிங்கைக் கோட்டின் அன்றைய பளு தாண்டிவிட்டது, அவ்வளவுதான். மற்றக் கோடுகள் அடுத்தடுத்து விழ, வடகிழக்கு அமெரிக்காவிலும் ஒண்டாரியோவிலும் சுமார் 3 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹையோவில் சாமிஸ்–ஸ்டார் 345 கிலோவோல்ட் கோட்டை ஜோன் 3 துண்டித்தது. அதிகப் பளுவும் தாழ்ந்த மின்னழுத்தமும் தொலைவான பழுதைப்போல் தெரிந்தன. ஏறத்தாழ 5 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். அதன் பிறகுதான் வட அமெரிக்காவில், கோட்டின் தாங்குதிறனைப்போல் ஒன்றரை மடங்கு மின்னோட்டம், 85 சதவீத மின்னழுத்தம், 30 பாகை கோணம் என்ற நிலையிலும் ரிலே துண்டிக்கக் கூடாது என்ற கட்டாயத் தரநிலை வந்தது. மேலே நான் எடுத்துக்கொண்ட எண்கள் அங்கிருந்து வந்தவையே.

பிறகு 2012, இந்தியா. ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு 400 கிலோவோல்ட் பினா–குவாலியர் முதல் சுற்றை ஜோன் 3 துண்டித்தது. வட மண்டலம் முழுவதும் இருண்டது. மறுநாள் பிற்பகல் அதே கோடு, அதே ஜோன் 3. இம்முறை வட, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது. இரண்டு நாளும் கோட்டில் பழுது இல்லை. கட்டமைப்பில் வேறு பல பலவீனங்கள் சேர்ந்திருந்தன என்பதை விசாரணைக் குழு விரிவாகச் சொன்னது. ஆனாலும் முதல் கல் விழுந்தது ஜோன் 3-இல். தென் மண்டலம் அப்போது மற்ற மண்டலங்களோடு ஒத்திசைந்து இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் கோட்டின் வழியாகத்தான் அந்த இணைப்பு வந்தது. அதனால் தமிழ்நாடு அந்த இரண்டு நாளும் தப்பியது. இன்று அந்தத் தனிமை இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மின்தடைக்குப் பின் மத்திய அரசு அமைத்த பணிக்குழுவின் வழியாக, கோட்டுப் பாதுகாப்புக்கான மாதிரிக் கணக்கீட்டு ஆவணம் ஒன்று உருவானது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரி இருக்கிறது. ஜோன் 2-க்கு 0.35 நொடி என்று பரிந்துரைத்துவிட்டு, அந்த எண் எப்படி வந்தது என்பதையும் சொல்கிறது: பிரேக்கர் திறக்கத் தவறினால் செயல்படும் எல்.பி.பி. பாதுகாப்புக்கு 200 மில்லிநொடி, பிரேக்கர் திறக்க 60, ரிலே பழைய நிலைக்குத் திரும்ப 30, பாதுகாப்பு இடைவெளி 60. கூட்டினால் 350.

இந்த வரி இல்லாவிட்டால் 0.35 என்பது வெறும் சம்பிரதாயம். இந்த வரி இருப்பதால், ஒரு துணைமின் நிலையத்தில் எல்.பி.பி. நேரத்தை 250 ஆக மாற்றினால், அந்த நிலையத்தை நோக்கும் அத்தனை கோடுகளின் ஜோன் 2-ம் மறுபரிசீலனைக்கு உரியது என்று உடனே தெரிகிறது. வல்லுநர் அமைப்பு செய்ய வேண்டியது இதைத்தான். ரிலேயில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் வம்சாவளியைக் கையில் வைத்திருப்பது.

உங்கள் வழிகாட்டி சொல்லும் 1980-களுக்கு வருகிறேன். வல்லுநர் அமைப்பின் உருவம் எளிமையானது. துறையின் விதிகள் அடங்கிய அறிவுத்தளம் ஒரு பக்கம், கையில் உள்ள நிலைமையைச் சொல்லும் தரவுகள் இன்னொரு பக்கம், விதிகளைத் தரவுகளோடு பொருத்தி முடிவுக்கு வரும் ஊக எந்திரம் நடுவில். 1970-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின், ரத்தத் தொற்றுக்கு எந்தக் கிருமி காரணம், எந்த மருந்து தருவது என்று பரிந்துரைத்தது. அதன் நோயறியும் திறமையைவிட, "ஏன் இந்தக் கேள்வியைக் கேட்கிறாய்?", "இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்?" என்று மருத்துவர் திருப்பிக் கேட்டால் அது பதில் சொன்னதுதான் நமக்கு முக்கியம். நம் வேலைக்கு இன்னும் நெருங்கியது எக்ஸ்கான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மாட் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்துக்காக உருவாக்கியது. வாடிக்கையாளர் கேட்ட கணினிக்கு எந்தெந்தப் பாகங்கள் வேண்டும், எப்படி இணைக்க வேண்டும் என்று அது வடிவமைத்தது. மைசின் கண்டறிந்தது, எக்ஸ்கான் கட்டியது. பாதுகாப்பு வடிவமைப்பு எக்ஸ்கானின் இனம்.

மின்துறையும் பின்தங்கவில்லை. மின்தடைக்குப் பின் கட்டமைப்பை மீட்டெடுக்கும் அறிவுசார் அமைப்பை ஜப்பானின் சகாகுச்சியும் மட்சுமோட்டோவும் 1983-இல் வெளியிட்டார்கள். எந்த ரிலேக்கள் இயங்கின, எந்தப் பிரேக்கர்கள் திறந்தன என்பதிலிருந்து பழுது எந்தப் பகுதியில் என்று ஊகிக்கும் அமைப்பை ஃபுகுயியும் கவகாமியும் 1986-இல் வெளியிட்டார்கள். மின்செலுத்து அமைப்புகளின் ரிலே செட்டிங்குக்கென்றே ஓர் அமைப்பைத் தென்கொரிய ஆய்வாளர்கள் 1990-இல் கொண்டுவந்தார்கள். இவர்கள் யாரும் தோற்றுப்போகவில்லை. அவர்களின் விதிகளில் பல இன்று ரிலே நிறுவனங்களின் மென்பொருளுக்குள்ளும் நிறுவன விரிதாள்களுக்குள்ளும் பெயரில்லாமல் புதைந்திருக்கின்றன. போனது விளக்கம் சொல்லும் திறன் மட்டும்தான். அதுதான் இருந்திருக்க வேண்டியது என்பது என் ஆதங்கம்.

ஆனால் எல்லாவற்றையும் விதியாக எழுத முயலாதீர்கள். மின்னோட்டம் வரம்பைத் தாண்டினால் இயங்கும் ஓவர்கரண்ட் ரிலேக்களின் ஒருங்கிணைப்பு நல்ல எச்சரிக்கை. வளையமாகப் பின்னிய கட்டமைப்பில் ஒவ்வொரு திசைசார் ரிலேயும் தனக்கு முன்னுள்ளதற்குத் துணை. முன்னுள்ளது இயங்கத் தவறினால் 0.3 முதல் 0.4 நொடி கழித்து இது இயங்க வேண்டும். வளையத்தைச் சுற்றிவந்தால் முதல் ரிலேயே கடைசி ரிலேவுக்காகக் காத்திருக்க வேண்டிவரும். எங்கே தொடங்குவது? எந்தச் சில ரிலேக்களை முதலில் நிலைநிறுத்தினால் எல்லா வளையங்களும் உடையும் என்பது வரைபடக் கோட்பாட்டின் கேள்வி. துவாரகநாத், நோவிட்ஸ் இருவரும் 1980-இல் அதை அப்படி அணுகினார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டாம்போர்க், ராமசாமி, வெங்கட்டா குழு 1984-இல் அதைக் கணினி வழி வடிவமைப்பாக வளர்த்தது. ரிலே இயங்கத் தொடங்கும் பிக்கப் மின்னோட்டத்தை முடிவுசெய்துவிட்டால், தாமதத்தை அமைக்கும் நேரப் பெருக்கிகளை நேரியல் திட்டமிடலால் மொத்தமாகத் தீர்க்கலாம் என்று உர்தனேட்டாவும் உடனிருந்தவர்களும் 1988-இல் காட்டினார்கள். இங்கே அனுபவ விதி தேவையில்லை, கணிதமே போதும். குறுக்குச்சுற்று மின்னோட்டம் கணக்கிடுவதும் அப்படியே. விதிகள் செய்ய வேண்டியது, எந்தக் கணக்கை எந்த நிலைமைக்குப் போடுவது என்று முடிவுசெய்வதும், வந்த விடையை ஏற்பதா என்று பார்ப்பதும்.

அப்படியானால் விதி எழுத வேண்டிய இடங்கள் எவை? முதலாவது, எந்தப் பாதுகாப்பு முறை என்ற தேர்வு. கோட்டுக்குப் பின்னாலுள்ள மின்மூலத்தின் இம்பீடன்ஸைக் கோட்டின் இம்பீடன்ஸால் வகுத்தால் வரும் விகிதம் 4-க்கு மேல் என்றால் அதைக் குட்டைக் கோடாகக் கருதுகிறோம். கோட்டின் கடைசியில் பழுது வந்தால் ரிலே காணும் மின்னழுத்தம் மிகச் சிறியது, பிழை பெரியது. அங்கே டிஸ்டன்ஸ் ரிலேயை நம்புவதைவிட லைன் டிஃபரென்ஷியல் நல்லது. இரு முனைகளுக்கும் நடுவே நம்பகமான ஒளியிழை இருக்கிறதா, மின்கோட்டின் வழியே செல்லும் கேரியர் சமிக்ஞை மட்டும்தானா? தொடர் மின்தேக்கி வைத்த கோடா? நடுவில் கிளை பிரியும் மூன்று முனைக் கோடா? மறுமுனையில் மின்னோட்டம் தரும் மூலமே பலவீனமா? ஒவ்வொரு பதிலும் தேர்வைத் திருப்பும். முதன்மை 1, முதன்மை 2 என்று இரண்டு பாதுகாப்புகள் வைக்கும்போது இரண்டும் ஒரே காரணத்தால் ஒன்றாகத் தவறிவிடாதபடி தேர்ந்தெடுப்பதும் விதியின் வேலைதான்.

இரண்டாவது, மோதல்கள். ஜோன் 3 கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பளுவுக்குத் துண்டிக்கக் கூடாது என்பதை மீறமுடியாத விதியாகவும், அடுத்த கோட்டின் கடைசிவரை பார்க்க வேண்டும் என்பதை விருப்ப விதியாகவும் வைக்க வேண்டும் என்பது என் நிலை. அப்போது அமைப்பு ஜோன் 3-இன் எல்லையைக் குறைக்கும், அல்லது பளுப் பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் வசதி ரிலேயில் இருந்தால் அதை இயக்கச் சொல்லும். அதோடு நின்றுவிடக் கூடாது. விருப்ப விதி ஒன்று விட்டுக்கொடுக்கப்பட்டதையும், நீண்ட கோட்டின் எந்தப் பகுதிக்குக் கிழக்கிலிருந்து துணைப் பாதுகாப்பு இல்லாமல் போனது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு மேற்கு நிலையத்திலேயே எல்.பி.பி.யும் இரண்டாவது முதன்மைப் பாதுகாப்பும் இருக்கின்றனவா என்று அதுவே தேட வேண்டும். இல்லையென்றால் முடிவைத் தானே எடுக்காமல் பொறியாளரின் மேசைக்கு அனுப்ப வேண்டும். கையெழுத்துப் போடுபவர் அவர்தான்.

விதிகளை எங்கிருந்து எடுப்பது என்று கேட்பீர்கள். கையேடுகளிலிருந்து பாதி கிடைக்கும். மீதி மனிதர்களிடம் இருக்கிறது. பாறை நிலத்தில் நிற்கும் கோபுரங்களின் புவித்தடை அதிகம், அங்கே ரெசிஸ்டன்ஸ் பக்கத்து எல்லையை அகலமாக வைக்க வேண்டும். காய்ந்த மரக்கிளை தொட்டால் வரும் பழுதின் தடை மிக அதிகம், டிஸ்டன்ஸ் ரிலே அதைக் காணாது, திசைசார் புவிப் பழுது ரிலேதான் காப்பாற்றும். வட இந்தியாவில் குளிர்காலப் பனிமூட்டத்தில் மாசு படிந்த இன்சுலேட்டர்கள் தொடர்ந்து பழுதாகும், ஆகவே அடுத்தடுத்துக் கோடுகள் இழக்கப்பட்ட நிலையிலும் மிச்சமுள்ளவை பளுவைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இவற்றை மூத்த பொறியாளரிடம் நேரடியாக "உங்கள் விதிகள் என்ன?" என்று கேட்டால் வராது. பழைய செட்டிங் தாள் ஒன்றை முன்னால் வைத்து, "இந்தக் கோட்டில் மட்டும் ஏன் 0.6?" என்று கேளுங்கள். கதை வரும், கதைக்குள் விதி இருக்கும். இரண்டு மூத்தவர்கள் வேறுவேறு பதில் சொன்னால் அதையும் அப்படியே பதிவுசெய்யுங்கள். அந்த முரண்பாட்டை உங்கள் விருப்பப்படி தீர்த்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு விதியிலும், அது எதை உண்மை என்று கருதுகிறது என்ற வரி இருக்க வேண்டும். இதைப் பழைய வல்லுநர் அமைப்புகள் போதிய அளவு செய்யவில்லை. விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது எக்ஸ்கானைப் பராமரிப்பதே பெரும்பாடாகிப்போனது. நமக்கு அந்த ஆபத்து இப்போதே வந்துவிட்டது. பாதுகாப்பு விதிகளில் பெரும்பாலானவை, கோட்டுக்குப் பின்னால் சுழலும் ஜெனரேட்டர் இருக்கிறது, பழுதின்போது அது பல மடங்கு மின்னோட்டம் தரும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. இத்தகைய நிலையங்களின் இன்வெர்ட்டர், பழுதின்போது தன் வழக்கமான மின்னோட்டத்தைவிடச் சற்றே அதிகம்தான் தரும். அதன் நெகட்டிவ் சீக்வென்ஸ் மின்னோட்டமும் (மூன்று ஃபேஸும் சமமில்லாதபோது தோன்றும் பகுதி) ஜெனரேட்டரைப்போல் நடந்துகொள்ளாது, அதைக் கட்டுப்பாட்டு மென்பொருள் தீர்மானிக்கிறது. நெகட்டிவ் சீக்வென்ஸை நம்பித் திசை காணும் ரிலே அங்கே தடுமாறலாம். "பின்னால் இருப்பது சுழலும் இயந்திரம்" என்ற வரி ஒவ்வொரு விதியிலும் எழுதப்பட்டிருந்தால், புதிய சூரியப் பூங்கா இணையும் நாளில் எந்தெந்த விதிகள் இனி செல்லாது என்று அமைப்பிடமே கேட்கலாம். எழுதப்படாவிட்டால் அடுத்த விசாரணைக் குழுதான் கண்டுபிடித்துச் சொல்லும்.

இயந்திரக் கற்றலை நான் ஒதுக்கவில்லை. பழுதின்போது பதிவான அலைவடிவங்களைப் பார்த்து என்ன வகைப் பழுது என்று இனம்காண அது நன்றாக உதவும், அங்கே தரவு ஏராளம். செட்டிங் வடிவமைப்பில் நிலைமை வேறு. கற்றுக்கொள்ளக் கிடைப்பது ஏற்கெனவே ரிலேக்களில் உள்ள செட்டிங்குகள். அவற்றில் எது சரி, எது இதுவரை சோதிக்கப்படாத தவறு என்று யாருக்கும் தெரியாது. 2012 ஜூலை 29 அன்று பினா–குவாலியர் செட்டிங்கும் நல்ல உதாரணமாகவே கணக்கில் சேர்ந்திருக்கும். மேலும், கோடு துண்டிக்கப்பட்ட பின் "ஏன் இந்த எண்?" என்ற கேள்விக்கு, பழைய எண்களைப்போல் இருந்தது என்ற பதிலை எந்த விசாரணைக் குழுவும் ஏற்காது. உங்கள் வழிகாட்டியிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள், கேட்பார் என்று நினைக்கிறேன்.

தொடங்குவதற்கு என் யோசனை இது. முதலில் வடிவமைப்புக் கருவி செய்யாதீர்கள், தணிக்கைக் கருவி செய்யுங்கள். கொடுக்கப்பட்ட செட்டிங்கை வாசித்து, எந்த விதி மீறப்பட்டிருக்கிறது, ஏன் என்று சொல்லும் கருவி. இருக்கும் எண்ணைச் சோதிப்பது புதிய எண்ணை உருவாக்குவதைவிட எளிது, விதிகளின் ஓட்டைகளும் சீக்கிரம் வெளிப்படும். ஒன்பது பஸ் (கோடுகள் சந்திக்கும் இணைப்புப் புள்ளி) கொண்ட பாடநூல் கட்டமைப்பு ஒன்று போதும். விதிகளுக்கு நாசா 1980-களில் உருவாக்கிய கிளிப்ஸ் என்ற வல்லுநர் அமைப்புக் கருவி இலவசமாகக் கிடைக்கிறது, புரோலாக் நிரல்மொழியை வேண்டுமானாலும் எடுக்கலாம், பைத்தானில் நீங்களே சிறிய ஊக எந்திரம் எழுதினாலும் சரி. விதிகளை மட்டும் நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள். நிரல் எழுதத் தெரியாத ரிலே பொறியாளரும் திறந்து வாசித்து, "இது எங்கள் நிலையத்துக்குப் பொருந்தாது" என்று சொல்ல முடிய வேண்டும்.

சோதிக்கும்போது சரியான செட்டிங்குகளை மட்டும் கொடுக்காதீர்கள். ஜோன் 3-ஐ வேண்டுமென்றே பளுவுக்குள் நீட்டிக் கொடுங்கள். ஓரிடத்தில் எல்.பி.பி. நேரத்தை மாற்றுங்கள். நான் மேலே சொன்ன கோட்டின் சி.டி.யை 1000/1-இலிருந்து 2000/1-க்கு மாற்றிவிட்டு, இனி எவற்றை மறுபடி பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ரிலேபக்க ஓமில் உள்ள எல்லா எல்லைகளும் இரட்டிப்பாக வேண்டும், மின்னோட்டத்தின் அடிப்படையில் வைத்த பிக்கப்புகள் பாதியாக வேண்டும், ஜோன் தாமதங்களைத் தொடவே கூடாது. உங்கள் அமைப்பு இந்த மூன்றையும் காரணத்தோடு பிரித்துச் சொன்னால், அதையே ஆய்வேட்டின் முதல் முடிவாக எழுதத் தொடங்கிவிடலாம்.